அம்மா வழிப் பெண்களைத் தேடி ஏலமலைக்கு

போடிநாயக்கனூர் ஏலக்காய்க்குப் பேர் போன ஊர் என்று சொல்லித்தான், இந்தப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மலேசியா வந்த என் அம்மா என்னை வளர்த்தார். பஸ் நிலையத்தில் நான் குடித்த முதல் டீயில் ஏலக்காய் இல்லை. டீ மாஸ்டரிடம் கேட்டேன். "அதெல்லாம் ஏத்துமதிக்குத்தான்க்கா. நமக்கு இஞ்சி" என்றார். இஞ்சியும் இல்லை. அங்கேயே எனக்குச் சந்தேகம் ஆரம்பித்துவிட்டது.

சந்தேகப்படுவது என் தொழில். மலேசியாவின் ஈப்போவில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், இழப்பீடு கேட்டு வருகிறவர்கள் சொல்வது உண்மைதானா என்று பார்ப்பது என் வேலை. கால் முறிந்ததாகச் சொல்கிறவர் எந்தக் காலில் நொண்டுகிறார் என்று பார்ப்பேன், அடுத்த முறை வரும்போது அதே காலில்தான் நொண்டுகிறாரா என்றும் பார்ப்பேன். வீட்டுக்கு வந்தாலும் இந்தப் புத்தி போகாது. என் கணவர் என்னோடு மீன் மார்க்கெட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

இந்தியாவுக்கு நான் வந்தது கோயில் பார்க்கவோ சேலை வாங்கவோ அல்ல. என் அம்மா ஐம்பதைத் தாண்டிய கொஞ்ச நாளில் சினைப்பைப் புற்றுநோயில் இறந்துபோனார். நான் இப்போது அந்த வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறேன். எங்கள் மருத்துவமனையில் என் இரத்தத்தை எடுத்து மரபணுச் சோதனை செய்தார்கள். பெரிய பழுது எதுவும் இல்லை என்று வந்தது. ஆய்வுக்காகக் கூடுதலாகப் பார்த்ததில், மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற ஒன்றை உண்டாக்கும் மரபணுவில் மட்டும் ஓர் எழுத்து மாறியிருந்ததாம்.

என் மருத்துவர் ஒரு சீனப் பெண்மணி, பொறுமைசாலி. மற்ற மரபணுக்கள் புரதம் செய்யச் சொல்லும், இது எதையும் செய்யாது, செய்துகொண்டிருப்பவர்களைப் பார்த்துப் "போதும், நிறுத்து" என்று அடக்கும், அவ்வளவுதான் என்றார். வேலையாட்களை அதட்டும் கங்காணி என்று புரிந்துகொண்டேன். அப்பா வழியில் மலேசியத் தோட்டத்து வம்சத்தில் வந்தவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கங்காணி அசந்தால் செல்கள் இஷ்டத்துக்குப் பெருகலாம்.

"பெருகலாமா, பெருகுமா?" என்று கேட்டேன்.

"அதுதான் தெரியவில்லை. சில ஆய்வுகளில் ஆபத்து கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது, சிலவற்றில் ஒன்றுமே தெரியவில்லை. இதை வைத்து நான் கத்தி எடுக்க மாட்டேன்" என்றார். "உங்கள் அம்மா வழியில் வேறு யாருக்கு வந்தது என்று விசாரியுங்கள். அம்மா ஒருவர்தான் என்றால் பொறுத்துப் பார்க்கலாம். இன்னும் இரண்டு மூன்று பேர் என்றால் சினைப்பைகளை எடுத்துவிடுவது நல்லது. நோய் வந்த ஒருவர் உயிரோடு கிடைத்தால் அவருக்கும் சோதனை செய்து பார்க்கலாம். விஷயம் இன்னும் தெளிவாகும்."

ஆக, நான் கடல் தாண்டி வந்தது என் குடும்பத்தில் ஒரு நோயாளியைத் தேடி. சொல்வதற்கு நன்றாக இல்லைதான். ஒருத்தரும் கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேதான் ராசிங்காபுரம் பஸ்சில் ஏறினேன்.

அந்தப் பஸ் நடுவழியில் ஒரு வேப்பமரத்தடியில் நின்றது. டிரைவர் இறங்கி ஒரு வீட்டுக்குள் போனார். எங்கள் ஊரில் இப்படி நின்றால் பயணிகள் போனில் படம் எடுத்துப் புகார் அனுப்பியிருப்பார்கள். இங்கே யாரும் அசையவில்லை. பக்கத்து சீட்டு அம்மாள் என் காலணியைப் பார்த்தார், கைப்பையைப் பார்த்தார், பிறகு, "பொட்டிபுரம் மலைய அளக்க வந்தவுகளா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அந்த நியூட்ரினோக்காரவுகளும் இப்பிடித்தான் இல்லைன்னாக" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த மலைக்குள் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் கட்டப்போவதாக அரசாங்கம் சொன்னதை நானும் படித்திருந்தேன். டிரைவர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து வண்டியை எடுத்தார்.

ராசிங்காபுரத்தில் இருப்பவர் ராசாங்கம் அத்தான், என் தாய்மாமனின் மகன். மாமா காலமாகிவிட்டார். மலையடிவாரத்தில் இருக்கும் தாத்தாவின் நிலத்தை இப்போது அத்தான்தான் பார்த்துக்கொள்கிறார். அவர் மனைவி பஞ்சவர்ணம் அக்கா எனக்குக் கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் வைத்தார். குழம்பு அற்புதம். ஈப்போவில் என்ன விலை கொடுத்தாலும் அந்தக் காரம் கிடைக்காது. இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவின கையோடு விசாரணையைத் தொடங்கினேன். அதுதான் நான் செய்த தவறு.

அம்மாவோடு பிறந்தவர்கள் எத்தனை பேர், யார் மூத்தவர், யார் எப்போது இறந்தார், யாருக்கு எத்தனை பிள்ளைகள், அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"எங்கப்பா, ஒங்கம்மா. அம்புட்டுத்தான் ஆத்தா" என்றார் அத்தான்.

"அம்மாவுக்கு ஒரு அக்கா இருந்ததாச் சொல்லியிருக்காங்களே, பேச்சியம்மான்னு?"

"அதா? அது சின்னப் பிள்ளையிலயே போயிருச்சு."

பஞ்சவர்ணம் அக்கா ஏற்கெனவே துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார். சுவரில் மாலை போட்ட படங்களுக்கு நடுவே ஓர் ஆணி சும்மா இருந்தது. ஆணிக்குக் கீழே ஒரு படத்தின் அளவுக்குச் சுண்ணாம்பு மட்டும் வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தது. அங்கே என்ன இருந்தது என்று கேட்டேன். காலண்டர் என்றார்கள். காலண்டருக்கு யாரும் மாலை போடுவதில்லை. ஆணியில் காய்ந்த பூநார் ஒட்டிக்கொண்டிருந்தது.

சரி, உள்ளதைச் சொல்லிவிடுவோம் என்று மரபணுவைப் பற்றி விளக்கினேன். கண்ணுக்குத் தெரியாத சின்னப் பொருள், அம்மாவிடமிருந்து மகளுக்கு வரும், அதனால் நோய் வரலாம், வராமலும் போகலாம், இன்னும் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது என்றேன். அத்தான் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

"நியூட்ரினோவுக்கும் இதத்தான் சொன்னாக. கண்ணுக்குத் தெரியாது, ஒன்னும் செய்யாதுன்னாக. கடைசியில மலையக் கொடையணும்னாக. நீ எதக் கொடைய வந்திருக்க?"

சாயங்காலம் கொல்லைப்புறம் போனபோது பஞ்சவர்ணம் அக்கா உள்ளே சொல்வது காதில் விழுந்தது. "வாரிசு சர்ட்டிபிகேட்டுக்கு ஆபீசுல கேக்குறாப்லயே கேக்குறா. போடிக்கு ரயிலு திரும்ப ஓட ஆரம்பிச்சதும் எடத்து மதிப்பு ஏறிருச்சுன்னு எவனோ மலேசியாவுக்குச் சொல்லியிருக்கான்." எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. யாருக்கு யார் பிறந்தார், யார் எப்போது செத்தார் என்பதைத்தான் மருத்துவரும் கேட்கிறார், தாலுகா ஆபீசிலும் கேட்கிறார்கள். நிலத்தில் பங்கு போய்விடும் என்ற பயத்தில் இவர்கள் என் பெரியம்மாவைப் பேச்சிலேயே குழந்தையாகக் கொன்றுவிட்டார்கள் என்று எனக்குப் பட்டது. அந்த ஒரு பெண் கணக்கில் வருகிறாளா இல்லையா என்பதில்தான் என் உடம்புக்குக் கத்தி உண்டா இல்லையா என்பது இருந்தது.

மறுநாள் விடிந்ததும் போடிக்கே திரும்பினேன். அத்தான் சீக்கிரமே வழியனுப்பி வைத்தார். பஸ் நிலையத்துக்கு வெளியே எஸ்டேட் வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக நின்றன. தூக்குவாளியும் தலையில் துண்டுமாகப் பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஜீப் டிரைவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பேர் பால்பாண்டி என்று பிறகு தெரிந்தது. நான் பையை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"யக்கா, நீங்க ஈஸ்வரியக்காவுக்கு என்ன வேணும்?"

"எந்த ஈஸ்வரி?"

"பூப்பாறைக்கு அங்கிட்டு, எஸ்டேட்டு லயத்துல இருக்குதே, பேச்சியம்மா மக. மூக்கு, நடை, எல்லாம் அப்பிடியே இருக்கீகளே. கூடப் பொறந்தவுகன்னு நெனச்சேன்."

பெரியம்மா மகள் என்றால் எனக்கு அக்காதான். ஆனால் உடனே நம்பவில்லை. சவாரி பிடிக்க எந்த டிரைவரும் எந்தச் சொந்தத்தையும் உண்டாக்குவான். பேச்சியம்மா எப்படி இறந்தார் என்று கேட்டேன். "வயிறு வீங்கித்தான்க்கா. எங்கம்மாகூடப் போயிப் பாத்துட்டு வந்து அழுதுச்சு" என்றார். என் அம்மாவுக்கும் கடைசியில் வயிறு அப்படித்தான் வீங்கியிருந்தது. நான் ஜீப்பில் ஏறினேன்.

ஏறினேன் என்பது பெரிய வார்த்தை. ஒரு பெண்ணின் முழங்காலுக்கும் இன்னொரு பெண்ணின் தூக்குவாளிக்கும் நடுவே சொருகப்பட்டேன். போடிமெட்டுப் பாதையில் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றுக்கும் நாங்கள் மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்தோம். கேமரன் மலைப் பாதையில் வாந்தி எடுத்தவள் நான். இங்கே வாந்தி எடுக்கக்கூட இடமில்லை. பாதி மலையில் வண்டி புகைந்து நின்றுவிட்டது. பெண்கள் யாரும் சொல்லாமலே இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடுத்த வளைவு வரை நடக்க ஆரம்பித்தார்கள். நானும் நடந்தேன். ஈஸ்வரியைத் தெரியுமா என்று கேட்டதும் அதுவரை கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவர்கள் என்னை விட்டுவிட்டு முன்னால் நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் ஒருத்தி கேட்டாள்: "ராசிங்காபுரத்துலருந்து அனுப்பிச்சாகளா?"

போடிமெட்டைத் தாண்டியதும் கேரளா. மேலே காற்றில் ஈரமும் ஏலச் செடியின் வாசனையும் இருந்தன. மரநிழலில் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் அந்தச் செடிக்குக் காய் எங்கே இருக்கிறது என்று தேடினேன். காயெல்லாம் அடியில், தரையோடு தரையாகக் கிடந்தது. எடுப்பவர்கள் நாள் முழுக்கக் குந்தியே இருக்கவேண்டும்.

லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய எஸ்டேட் வீடுகளில் ஒன்றில், ஈஸ்வரி அக்கா கதவைப் பாதி திறந்து நின்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்து வருடம் கழித்து என் வீட்டுக் கண்ணாடியில் நான் பார்க்கப்போகிற முகம் அது. அவளும் என் முகத்தைப் பார்த்தாள். ஆனால் கதவை முழுதாகத் திறக்கவில்லை.

"எடத்துக்கு வந்தியா?"

"இல்லக்கா. உங்களப் பார்க்க வந்தேன்."

"இம்புட்டு வருசம் பாக்காம இப்ப என்ன பாக்க?"

நியாயமான கேள்வி. வாசலில் நின்றபடியே என் அம்மா எப்படி இறந்தார் என்று சொன்னேன். அவள் கதவை விட்டு விலகினாள். "சின்னாத்தாளுக்கும் அதுதானா? நெஞ்சு வலின்னுல்ல மாமன் வீட்டுல சொன்னாக. எங்கம்மாவுக்கு, ஏலத்துக்கு மருந்தடிச்ச காத்து வயித்துல போயிருச்சுன்னாக. மலையில கெடந்ததால வந்துச்சுன்னு விட்டுட்டோம்."

அவள் கணவர் காலமாகிவிட்டார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். மத்தியானம், கப்பை என்று அங்கே சொல்லும் மரவள்ளிக்கிழங்கும் மத்திமீன் குழம்பும் வைத்தாள். நான் ஆவலாக உட்கார்ந்தேன். அவள் எனக்கு எதிரே உட்கார்ந்து, இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினாள். என்னோடு சேர்ந்து சாப்பிடப் பிடிக்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்கு அடுத்து நினைத்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது: குழம்பில் ஏதாவது கலந்திருப்பாளோ என்று என் கையும் நின்றுவிட்டது.

"ஏன்க்கா சாப்பிடல?"

"ரெண்டு வாய்க்கே நெறஞ்சு போகுது. கொஞ்ச மாசமா இப்பிடித்தான். கேசு. ஓமத்தண்ணி குடிக்கிறேன்."

என் அம்மாவும் இப்படித்தான் தட்டைத் தள்ளுவார். கேஸ் என்றுதான் அவரும் சொன்னார், ஈப்போவில் எங்கள் சாப்பாட்டு மேசையில், மாதக்கணக்காக. நான் ஈஸ்வரி அக்காவை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். தோளில் ரவிக்கை தொளதொளத்தது. கை குச்சியாக இருந்தது. சேலைக் கட்டு மட்டும் இடுப்பில் உப்பி நின்றது. இவளிடமிருந்து ஒரு விவரம் வாங்கிக்கொண்டு போகத்தான் நான் வந்தேன். இவளே அந்த விவரமாக இருந்தாள்.

"அக்கா, நாளைக்கே கீழ போய் ஒரு ஸ்கேன் எடுத்துடலாம். நான் கூட வர்றேன்."

அவள் எழுந்து நின்றுவிட்டாள். முகம் வாசலில் பார்த்ததைவிடக் கடுமையாக இருந்தது.

"வந்துருச்சு பாரு வெளிய! ஆசுபத்திரின்னுதான அவுகளும் கூட்டிட்டுப் போனாக?"

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள். மாமா உயிரோடு இருந்த காலம். மாமனுக்கு முடியவில்லை, ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், பார்க்க வா என்று ராசாங்கம் அத்தான் ஜீப் அனுப்பியிருக்கிறார். இவள் அழுதுகொண்டே இறங்கிப் போயிருக்கிறாள். ஜீப் ஆஸ்பத்திரியில் நிற்கவில்லை. பத்திர ஆபீசில் நின்றது. மாமா வெற்றிலை போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். நிலத்தில் பங்கு வேண்டாம் என்று அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் போடிமெட்டைத் தாண்டிக் கீழே இறங்கியதில்லை. நாங்கள் இருவரும் சந்தித்தால் சேர்ந்து வழக்குப் போடுவோம் என்றுதான் அத்தான் அவளை மறைத்தார் என்பது எனக்கு அப்போது விளங்கியது.

"என்னய ஏமாத்துன வழியிலயே நீயும் கூப்புடுற. போடி சோலியப் பாத்துக்கிட்டு."

வேறு யாராக இருந்தாலும் சத்தியம் செய்திருப்பார்கள், அழுதிருப்பார்கள். எனக்கு அதெல்லாம் பலிக்காது என்று தெரியும். என்னிடம் சத்தியம் செய்தவர்களை நான் ஒருநாளும் நம்பியதில்லை. அவளுடைய இடத்தில் நான் இருந்தால் எதை நம்புவேன் என்று யோசித்தேன். வெளியே போய்ப் பால் இல்லாத ஒரு கட்டன் சாயா குடித்தேன். திரும்பி வந்து கேட்டேன்.

"கீழ வேண்டாம். மேற்க போவோமா? கேரளாவுக்குள்ளயே நீங்க சொல்ற ஆஸ்பத்திரி, நீங்க சொல்ற ஜீப்பு. போடி நிலத்தப் பத்தி இந்தப் பக்கத்து ஆபீஸ்ல யாரும் உங்ககிட்ட எழுதி வாங்க முடியாது."

அவள் என்னை நெடுநேரம் பார்த்தாள். இதில் எங்கே ஓட்டை என்று தேடுகிறாள் என்பது தெரிந்தது. எனக்கு அவள்மேல் பாசமே வந்துவிட்டது.

"மொதல்ல நீ படுக்கணும் மெசின்ல. நான் நின்னு பாப்பேன்."

"சரிக்கா."

அடுத்த நாள் காலை அவள் சொன்ன ஜீப்பில், அவள் சொன்ன இடத்தில் உட்கார்ந்து போனேன். என் போனை அவள் மடியில் வைத்துக்கொண்டாள். போகிற வழியில், சினைப்பைகளை எடுப்பது பற்றி என் மருத்துவர் சொன்னதையெல்லாம் அவளிடம் சொன்னேன். ஒரு சின்ன மலையாள ஊர், அதில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. உள்ளே போகும்முன் பெயர்ப்பலகையை அவள் எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தாள். காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு கிழவரிடம் அவர் மனைவி மலையாளத்தில், "இந்த டாக்டருக்குச் சின்ன வயசு, ஒன்றும் தெரியாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் அந்தச் சந்தேகம்தான்.

முதலில் நான் படுத்தேன். ஈஸ்வரி அக்கா தலைமாட்டில் காவல் நின்றாள். டாக்டர் இளம்பெண், மலையாளம் கலந்த தமிழில் பேசினார். எனக்கு இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார். பிறகு அவள் படுத்தாள். டாக்டர் கருவியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தார். திரையை எங்கள் பக்கமிருந்து கொஞ்சம் திருப்பினார். நான் திரையைப் பார்க்கவில்லை, டாக்டரின் முகத்தைப் பார்த்தேன்.

"ரெண்டு பக்கமும் கட்டி உண்டு. வயித்துல வெள்ளமும், அதான் தண்ணியும், நிக்குது. என்ன கட்டின்னு பெரிய ஆஸ்பத்திரியில்தான் சொல்ல முடியும். கோட்டயம் போகணும், சேச்சி. வேகம் போகணும்." பிறகு கேட்டார், "குடும்பத்துல வேற பெண்களுக்கு இதுபோல?"

நான் வாயைத் திறக்குமுன் ஈஸ்வரி அக்கா எழுந்து உட்கார்ந்தாள். ராசிங்காபுரத்தில் நான் கெஞ்சியும் கிடைக்காத கணக்கை, யாரென்றே தெரியாத அந்தப் பெண்ணிடம் விரல் விட்டு ஒப்பித்தாள். "எங்கம்மா பேச்சியம்மா. அவுக தங்கச்சி, இந்தா நிக்கிறாளே, இவ அம்மா. எங்கம்மாவுக்குச் சித்தி ஒருத்தி, அதும் வயிறு வீங்கித்தான். இப்ப நான்."

என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. இனி ஈப்போ மருத்துவர் யோசிக்கவேண்டியதில்லை. அதற்காகச் சந்தோஷப்படவேண்டுமா என்று தெரியாமல் சுவரோரம் நின்றேன். ஈஸ்வரி அக்கா என் கையைப் பிடித்து இழுத்து டாக்டர் முன்னால் நிறுத்தினாள்.

"இவ இதக் கேக்கத்தான் மலேசியாவுலருந்து வந்திருக்கா. இவளுக்கு எடுக்கணுமா, எப்ப எடுக்கணும்னு மொதல்ல சொல்லுங்க. பயந்து கெடக்கா."

"இவங்களுக்கு எடுத்துடறது நல்லது. ஊர்ல அவங்க டாக்டர்கிட்டச் சொல்லட்டும்" என்றார் டாக்டர். "ஆனா இவங்களுக்கு அவசரமில்ல. உங்களுக்குத்தான் அவசரம்."

"கேட்டேல்ல? ஒனக்கு அவசரமில்லையாம்" என்று அக்கா என் கன்னத்தைத் தட்டிச் சிரித்தாள். மற்ற பாதியை அவள் காதில் வாங்கவே இல்லை. கோட்டயத்துக்குப் பஸ் எங்கே நிற்கும் என்று டாக்டரிடம் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.